'வேஸ்ட்' – ஒரு சொல்லும் பல பொருளும்

வாயிலிருந்து புறப்பட்ட சொல்லைத் திரும்ப அழைக்க இயலாது என்பர் பெரியோர். ஆகவே ஒரு சொல்லைப் பேசும் முன் அதன் பொருளை அறிந்து பேசுதல் நலம். நம் வீட்டிலும் பள்ளியிலும் கடைவீதியிலும் நாள்தோறும் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு. அதற்கு என்னென்ன பொருள், அதை எங்கே வழங்கலாம், எங்கே வழங்கக் கூடாது என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சொல் 'வேஸ்ட்' என்பதாகும்.

இச்சொல் காதில் விழும்போதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என்று எங்கள் வகுப்புத் தோழியர் நால்வர் சேர்ந்து ஒரு வாரம் முயன்று பார்த்தோம். "மோட்டாரை நிறுத்தாம விட்டுட்டியே, தண்ணி எல்லாம் வேஸ்ட்டு." "வேஸ்ட் பேப்பரை எடைக்குப் போடு." "அந்தப் படம் சுத்த வேஸ்ட்டு, காசும் வேஸ்ட்டு." "இந்தக் கேள்வியைப் படிக்கிறது வேஸ்ட்டு, பரீட்சைக்கு வராது." இவையெல்லாம் பொருளைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் சொன்னவை. ஆனால் ஏட்டின் பக்கங்களைப் புரட்டப் புரட்ட வேறு வகையும் வந்தது. "அவ கணக்குல வேஸ்ட்டு." "எங்க அண்ணன் ஒரு வேஸ்ட்டு." "வயசாயிட்டா மனுசன் வேஸ்ட்டுதான்." "பொம்பளப் பிள்ளைக்கு இதுக்கு மேல படிப்பு வேஸ்ட்டு." வாரக் கடைசியில் பார்த்தபோது, பொருள்களைப் பற்றிச் சொன்னதை விட மனிதர்களைப் பற்றிச் சொன்னதே அதிகமாக இருந்தது. அதுதான் எங்களை இதைப் பற்றி எழுதத் தூண்டியது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். 'வேஸ்ட்' என்னும் சொல் 'வாஸ்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பழைய பொருள் குப்பை அன்று. வெறுமையானது, ஆளரவமற்றது, பாழ்பட்டது என்பதே பொருள். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் 1922-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கவிதைக்கு 'தி வேஸ்ட் லேண்ட்' என்று பெயரிட்டபோது, அவர் மனத்தில் இருந்தது குப்பைமேடு அன்று, பாழ்நிலமே. பிறகுதான் அச்சொல் மெல்ல விரிந்து, வீணாக்குதல் என்ற வினையாகவும், எஞ்சி ஒதுக்கப்படும் பொருள் என்ற பெயராகவும் ஆயிற்று. ஒலியில் இதற்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு. எழுத்தைச் சற்று மாற்றிக் கூட்டினால் அதே ஒலி இடுப்பைக் குறிக்கும். ஆங்கிலப் பாடத்தில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிட்டு வகுப்பைச் சிரிக்க வைப்போர் ஆண்டுதோறும் உண்டு.

கழிபொருளைக் குறிக்க ஆங்கிலேயர் இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 'கார்பேஜ்' என்பது முன்னாளில் சமையலறையில் கோழி முதலியவற்றின் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைக் குறித்தது. 'ஜங்க்' என்பது கப்பலில் நைந்துபோன பழைய கயிறு. அந்தக் கயிற்றையும் பிரித்து நாராக்கிக் கப்பற்பலகைகளின் இடுக்குகளை அடைக்கப் பயன்படுத்தினர். 'லிட்டர்' என்பது முதலில் படுக்கை, பின்பு மாட்டுக்கு விரிக்கும் வைக்கோல், அதன் பின்னரே சிதறிக் கிடக்கும் குப்பை. ஆக, குப்பையைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு காலத்துப் பயன் ஒளிந்திருக்கிறது.

இப்போது நம் தமிழுக்கு வருவோம். உழவர்கள் நிறைந்த நம் ஊரில் இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நெல்லடிக்கும் களத்திலே நின்றால் போதும். வைக்கோல் மாட்டுக்கு, உமி அடுப்புக்கும் செங்கற்சூளைக்கும், தவிடு கால்நடைக்கு, நொய் கஞ்சிக்கு. ஒன்றுக்கும் உதவாததாய் மிஞ்சுவது உள்ளீடற்ற பதர் ஒன்றே. செக்கில் எண்ணெய் ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு, கரும்பைப் பிழிந்தால் சக்கை, தேங்காயை உரித்தால் மட்டை, மட்டையை அடித்தால் நார். விருப்பாட்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைப் பற்றிப் பெருமை கொள்கிறோம். பழத்தை மட்டுமா கொள்கிறோம்? இலையில் உண்கிறோம், பூவையும் தண்டையும் சமைக்கிறோம், நாரில் பூத்தொடுக்கிறோம், தோலை மாட்டுக்குப் போடுகிறோம். முருங்கையும் அப்படியே. காயை விற்ற காலம் போய், இன்று இலையையும் நிழலில் உலர்த்திப் பொடியாக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருப்பது எதனால்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை இருப்பதனால் அன்றோ!

'குப்பை' என்ற சொல்லையே பாருங்கள். நகரத்தில் அது முகம் சுளிக்க வைக்கும் சொல். நம் பக்கத்து விவசாயி "காட்டுக்குக் குப்பை அடிக்கணும்" என்றால் அவர் சொல்வது எருவை. சாணமும் செத்தையும் மக்கிய அந்தக் குப்பைக்காக அவர் காசு கொடுக்கவும் தயாராக இருப்பார். 'மிச்சம்' என்ற சொல்லும் அப்படியே. சோறு மிச்சம் என்றால் எஞ்சியது. பணம் மிச்சம் என்றால் சேமிப்பு. 'கழிவு' என்பது சாக்கடைக்கும் ஆகும், கடைக்காரர் விலையில் குறைத்துக் கொடுப்பதற்கும் ஆகும். 'வீண்', 'விரயம்' என்பவை பொருளைக் குறிப்பதில்லை, அதைப் பாழாக்கிய மனிதரின் செயலைக் குறிக்கின்றன. இத்தனை சொற்களையும் ஒதுக்கிவிட்டு எல்லாவற்றுக்கும் 'வேஸ்ட்' என்றே சொன்னால், எஞ்சியதும் மக்குவதும் நஞ்சும் சேமிப்பும் ஒன்றாகி விடுகின்றன. சொல் ஒன்றானால் கூடையும் ஒன்றாகிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊரின் பெயரைத் தமிழகம் அறிந்தது காய்கறிச் சந்தையால். இங்கிருந்து லாரி லாரியாகக் காய்கறிகள் கேரளத்துக்குச் செல்கின்றன. அத்தகைய சந்தையில் அழுகலும் உதிர்ந்த இலையும் நாள்தோறும் சேர்வது இயற்கை. அதனை எவ்வாறு கொள்வது என்பதற்கு ஐதராபாத்தின் போயன்பள்ளி காய்கறிச் சந்தை ஒரு நல்ல வழியைக் காட்டியது. அங்கே காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயுவும் மின்சாரமும் எடுக்கும் நிலையம் அமைத்தனர். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் கிடைப்பதாக 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் குறிப்பிட்டுப் பாராட்டினார். கழிவைப் பிளாஸ்டிக் கலவாமல் தனியே சேர்த்தால்தான் இது இயலும். பிரித்தால் அது எரிபொருள். கலந்தால் அது நாற்றம்.

விலை வீழ்ந்த காலங்களில் தக்காளியைப் பறிக்கும் கூலிக்கும் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவதையும், சாலையோரம் கொட்டிச் செல்வதையும் நாம் அறிவோம். "தக்காளி எல்லாம் வேஸ்ட்டு" என்று சொல்லிக் கடந்து போகிறோம். உண்மையில் அங்கே வீணானது எது? மழை குறைந்த நம் பூமியில் கிணற்றடியிலிருந்து இறைத்த தண்ணீர், களையெடுத்த பெண்களின் முதுகுவலி, கடன் வாங்கி இட்ட உரம், ஒரு குடும்பத்தின் மூன்று மாத நம்பிக்கை. 'வேஸ்ட்' என்ற ஒரு சொல் இவை அனைத்தையும் மூடி மறைத்து விடுகிறது. உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீடுகளில் வீணானது. குற்றம் யாரோ ஒருவருடையது என்று நாம் கைகழுவ முடியாது.

தவறான பெயரிட்டால் நிலமும் பாழாகும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 'புறம்போக்கு' என்பது இன்று ஒருவரைத் திட்டும் சொல்லாகி விட்டது. அதன் உண்மைப் பொருள் வரிக்கணக்குக்குப் புறம்பாக, ஊர் முழுமைக்கும் பொதுவாக விடப்பட்ட நிலம் என்பதாகும். ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு அனைத்தும் புறம்போக்கே. வரி தராத நிலம் ஆட்சியாளர் கண்ணுக்கு வெறும் பாழாகத் தோன்றியது. சென்னையை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் நெடுங்காலம் பாழ்நிலமாகவே எண்ணப்பட்டது. எண்ணப்பட்டபடியே அதன் ஒரு பகுதியில் பெருநகரின் குப்பை பல்லாண்டுகள் கொட்டப்பட்டது. பின்னர் அறிவியலார் அதன் அருமையை எடுத்துரைத்தனர். மழை வெள்ளத்தைத் தாங்கி வைப்பதும், எண்ணற்ற பறவைகளுக்குப் புகலிடமாவதும் அந்நிலமே என்பது தெரிந்தது. 2007-இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அது ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாயிற்று. நிலம் மாறவில்லை, அதற்கு நாம் வைத்த பெயர்தான் மாறியது.

இதற்கு நேர்மாறான கதை நம் மாவட்டத்திலேயே நடந்தது. உண்மையிலேயே கழிவாக இருந்ததைக் கழிவென்று மதித்துப் பக்குவம் செய்யாமல் மண்ணில் விட்டதன் கதை அது. தோல் பதனிடும் ஆலைகளிலிருந்து வெளியேறிய நீர், வேலூர்ப் பகுதியிலும் திண்டுக்கல் பகுதியிலும் நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று அது கூறியது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஆகவே 'வேஸ்ட்' என்ற சொல்லே வேண்டாம் என்று நாங்கள் கூறவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டால் கிணறு கெடும். சொல்லக் கூடாத இடத்தில் சொன்னால் மனம் கெடும்.

மனத்தைப் பற்றிப் பேசுவதற்கே இவ்வளவு தூரம் வந்தோம். குப்பையை அள்ளுகிறவரையே "குப்பைக்காரர்" என்று அழைத்துப் பழகியது நம் சமுதாயம். குப்பையைப் போட்டவர் நாம், பெயரோ அவருக்கு! 2020-ஆம் ஆண்டில் தமிழக அரசு துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியது. பெயர் மாறினால் மட்டும் வாழ்வு மாறி விடாது. கையுறையும் நல்ல ஊதியமும் மரியாதையும் வேண்டும். ஆயினும் ஒருவரை அவர் அகற்றும் பொருளால் அழைக்காமல், அவர் தரும் பயனால் அழைப்பது நல்ல தொடக்கம் அல்லவா?

வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் அப்பத்தாவைப் பாருங்கள். அவர் கை வேலை செய்யாமல் இருக்கலாம். எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, குழந்தைக்கு மாந்தம் வந்தால் என்ன கொடுப்பது என்று கேட்டால் அவரே புத்தகம். கணக்கில் மதிப்பெண் குறைந்த தோழியைப் பாருங்கள். கோலப் புள்ளிகளை ஒன்றும் பிசகாமல் இணைப்பவள் அவளே. ஒரு பாடத்தில் பின்தங்கினால் அந்தப் பாடத்தில் உதவி தேவை என்றுதான் பொருள். விடைத்தாளுக்குத்தான் மதிப்பெண் இடுகிறார்கள், அதை எழுதியவளுக்கு அல்ல. குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் மங்காது என்று நம் பழமொழி சொல்லும்.

பெற்றோர்களே, இனி உங்களிடம் பணிவுடன் ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் எங்களைப் போன்ற பெண்களின் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், படிப்புக்குச் செலவழிப்பது வேஸ்ட்டு" என்பதே அது. நகைக்கடையில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பொன்னின் விலை தனி, செய்கூலி தனி, அதற்கு மேல் சேதாரம் தனி. சேதாரம் என்றால் நகை செய்யும்போது உதிர்ந்து தேய்ந்து குறையும் பொன். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே 'வேஸ்டேஜ்'. மகளின் கழுத்துக்கு வராத அந்தப் பொன்னுக்கும் நாம் மனமுவந்து பணம் கொடுக்கிறோம். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட விலைக்கு வாங்கிக் கழுவிப் பொன்துகள் எடுப்போர் உண்டு. ஆகவே அதுவும் முற்றிலும் வீண் அன்று. உதிர்ந்த பொன்னுக்குக் கணக்குப் பார்க்காத நாம், மகளின் அறிவுக்குள் சென்று தங்கும் படிப்புக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது முறையாகுமா? நகை அடகுக்கும் போகலாம், திருட்டுக்கும் போகலாம். படிப்பை அடகு வைக்க முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அது உடன் வரும்.

விவிலியத்திலும் இச்சொல் வருகிறது. பெத்தானியாவில் ஒரு பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினாள். அதைக் கண்ட சீடர்கள் இது வீண்செலவு என்று முணுமுணுத்ததாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. பழைய ஆங்கில விவிலியத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'வேஸ்ட்' என்பதே. இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் நற்செயல் செய்தாள் என்றும், நற்செய்தி அறிவிக்கப்படும் இடமெல்லாம் அவள் செயலும் நினைவுகூரப்படும் என்றும் கூறினார். அவரே ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்னர், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அப்பத்தின் துணுக்கையும் வீணாக்க ஒப்பாதவர், அன்பினால் செய்த செலவை மட்டும் வீண் என்று சொல்லவில்லை. எது வீண், எது வீண் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமோ?

"இதெல்லாம் விளையாட்டுப் பேச்சு, இதற்குப் போய் ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். சொல்கிறவருக்கு அது விளையாட்டு. நூறு முறை கேட்கிறவளுக்கு அது தீர்ப்பு. திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை ஒரு நாள் அதை நம்பிப் புத்தகத்தை மூடி வைத்து விடுகிறாள். வேறு சிலர், "ஆங்கிலச் சொல் என்பதால் வெறுக்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை. பஸ்ஸும் பென்சிலும் நம்மோடு கலந்துவிட்டன. பனியன் வேஸ்ட் என்று பட்டறையில் எண்ணெய் துடைக்க வாங்குகிறார்களே, அது அத்தொழிலுக்கு ஏற்ற பெயர். எங்கள் வழக்கு மொழியைப் பற்றியதன்று, மதிப்பைப் பற்றியது. 'வேஸ்ட்' என்பதற்குப் பதிலாக 'உதவாக்கரை' என்று தமிழில் திட்டினாலும் வலி ஒன்றே. பயனற்ற சொற்களை விரும்பிப் பேசுபவரையே வள்ளுவர் மக்களுள் பதர் என்றார் என்பதையும் இங்கே நினைவில் கொள்வோம்.

ஆகவே அன்புத் தோழியரே, மூன்று காரியங்களை நாம் மேற்கொள்ளலாம். முதலாவது, பொருளைக் கண்டால் அதன் சரியான பெயரைச் சொல்வோம்: தோல், சக்கை, மிச்சம், காகிதம், கண்ணாடி என்று. பெயர் பிரிந்தால் கூடையும் பிரியும். நம் பள்ளியிலும் மக்குவதற்கு ஒரு குழி, காகிதத்துக்கு ஒரு பெட்டி, மற்றவைக்கு ஒரு கூடை என்று வைத்துக்கொள்ள மதரும் சிஸ்டர்களும் மனமுவந்து அனுமதிப்பார்கள் என நம்புகிறோம். இரண்டாவது, தண்ணீரோ சோறோ நேரமோ வீணாகும்போது, 'வேஸ்ட்டு' என்று சொல்லி நகராமல், யாரால் வீணாயிற்று, எப்படித் தடுப்பது என்று கேட்போம். மூன்றாவதும் முதன்மையானதும் இது: எந்த மனிதரையும், எந்த மாணவியையும், எந்தப் பெண்ணின் படிப்பையும் இச்சொல்லால் அழைக்க மாட்டோம். பிறர் அழைத்தால் அமைதியாக மறுத்துச் சொல்வோம்.

'வாஸ்டுஸ்' என்றால் வெறுமை என்று முன்பே கண்டோம். இறைவன் படைத்த எந்த உயிரும் வெறுமையாகப் படைக்கப்படவில்லை. களத்தில் பதர் இருக்கலாம். வகுப்பறையில் பதர் இல்லை. இதை மனத்தில் பதித்து, சொல்லிலும் செயலிலும் வீணை விலக்கி வாழ்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி